தவக்காலத்தில் ஓர் ஒத்திகை

கான்வென்ட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் நசுங்கி உட்கார்ந்த தோழிகளே, போன வாரம் நம் குழுவில் ஒருத்தி ஒரு வீடியோ போட்டிருந்தாள். பெரிய வாத்தியக் குழு. எல்லாரும் கறுப்புக் கோட்டு. நடுவில் ஒரு மனிதர் குச்சியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அதற்குக் கீழே இன்னொருத்தி, 'எல்லாரும் உழைக்கிறாங்க, இவரு மட்டும் ஈ ஓட்டுறாரு' என்று எழுதியிருந்தாள். ஆளாளுக்குச் சிரித்து வைத்திருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டேனோ என்று போய்ப் பார்த்தேன். போட்டிருந்தேன். அப்படியென்றால் இது உண்மையான கோபம்தான். இந்த வயதில் உண்மையான கோபம் எப்போதாவதுதான் வருகிறது, அதை வீணாக்கக் கூடாது என்று எழுத உட்கார்ந்தேன். குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

ஈ ஓட்டுகிறவர் ஒருவர் எங்கள் வீட்டிலும் இருந்தார். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அவரும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். அதனால் யாருக்கும் மனக்கஷ்டம் வராமல் சொல்லலாம்.

பெரியப்பா மெட்ராஸில் சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசித்தவர். ஆரம்பத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. பாடுகிறவர்களின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லையாம். பிறகு நடு வரிசை, பிறகு முதல் வரிசை. மேல்நாட்டு முறையில் எழுதிய இசையைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார் என்பதால், எழுதிக் கொடுக்கும் வேலை அவரிடம் வந்தது. எழுதியதை வாசிக்க வைத்து முன்னால் நின்று நடத்தும் கண்டக்டர் வேலையும் தானாகப் பின்னாலேயே வந்தது. படத்தில் பெயர் வராது. நாம் முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்த்த படங்களில் கதாநாயகி அழும்போது பின்னணியில் ஒரு கூட்டமே சேர்ந்து அழுமே, அந்த அழுகைகளில் பல அவர் எழுதியவை. ஊரில் யாராவது, "கண்டக்டருங்களா, எந்த ரூட்டு?" என்று கேட்டால், "மெட்ராஸ் – காரைக்கால், வழி மாயவரம்" என்பார். கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு தவக்காலத்தைப் பற்றி. சாம்பல் புதன் கழிந்து இரண்டொரு நாளில் பெரியப்பா காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கினார். ஒரு தோல் பெட்டி, ஒரு வயலின் பெட்டி, மடக்கினால் குடைக்கம்பி போலாகிவிடும், இசைத்தாள் வைக்கும் ஓர் இரும்புத் தாங்கி. வயலின் பெட்டியின் உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் வெல்வெட். அதில் முகத்தை வைத்தால் பிசின் வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் கலந்து வரும். அவர் இல்லாத நேரத்தில் நான் பலமுறை முகத்தை வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்கு அவர் வந்த காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டதாக அவள் முடிவு செய்துவிட்டாள். பெரியப்பா கூடத்தின் நடுவில் நின்று கையைப் படார் என்று தட்டினார். மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தார். நாலடி நகர்ந்து மறுபடி தட்டினார். ஒவ்வொரு மூலையிலும் போய்த் தட்டினார். சத்தம் எந்த இடத்தில் எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டுப் பார்ப்பது அவர் தொழில் வழக்கம், எந்த அறைக்குள் நுழைந்தாலும் அப்படித்தான் செய்வார். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? அடுப்படிக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள்.

"பாத்தீங்களா? ஒங்க அண்ணன் வீட்ட அளக்குறாங்க. பங்கு கேக்கத்தான் வந்திருக்காங்க."

"கைய தட்டியா வீட்ட அளப்பாங்க?"

"மெட்ராஸ்ல எப்படி அளக்குறாங்களோ, எனக்கென்ன தெரியும்."

தவக்காலம் என்பதால் வீட்டில் கறி கிடையாது. கருக்களாச்சேரியிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மாவின் தயவில் அன்று மத்திக் குழம்பு. சாப்பிடும்போது பெரியப்பா ஈஸ்டர் பேச்சை எடுத்தார்.

"பாஸ்காவுக்கு ஒண்ணு எழுதிக் கொண்டாந்திருக்கேன்டா. சினிமாவுக்கு இல்ல, நம்ம கோயிலுக்கு. ரெண்டு வயலினு ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற மாதிரி. முதல் வயலின டெய்லர் வாசிக்கட்டும். ரெண்டாவது ஒனக்கு."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு எங்கண்ணே நேரம்? மெரியில வருசக் கணக்கு முடிக்கிற மாசம்" என்றார். மெரி என்றால் நகராட்சி ஆபீஸ், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகும் அந்தப் பெயர் கப்பலேறவில்லை.

எனக்குப் புரையேறியது. அப்பாவுக்கு வயலினா? ரேடியோவில் வாத்தியக் கச்சேரி வந்தால் எழுந்து போய் அணைக்கிற மனிதர் அவர். "தலவலிக்குது" என்பார். அவருக்குச் சங்கீதம் என்றாலே ஆகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் தலை வாரும்போது அம்மாவைக் குடைந்தேன். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து பேண்டில் வாசித்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா, அதாவது பழைய சிப்பாய் ஒருவர், கோயிலில் பாட்டு நடத்தினாராம். அண்ணன் தம்பி இருவருக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். பெரியப்பா முதல் வயலின், அப்பா இரண்டாவது. கல்யாணப் பூசை எதுவும் இவர்கள் இல்லாமல் நடக்காது. பெரியப்பாவுக்கு மெட்ராஸிலிருந்து கூப்பிட்டு ஆள் வந்தபோது அப்பாவும் கூடவே கிளம்பியிருக்கிறார். தாத்தா, ஒருத்தன் போனால் போதும், இன்னொருத்தன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா வயலினைத் தொடவில்லை. அம்மா இதைச் சொல்லிவிட்டு, "அந்த ஆத்தாமதான் இன்னும் உள்ள கெடக்கு. அண்ணன கண்டாலே ஆவுறதில்ல" என்று என் பின்னலை வெடுக்கென்று இறுக்கினாள்.

பங்குச் சாமியார் கறாரானவர். பாஸ்கா ஞாயிறு காலைப் பூசையில், எல்லாரும் நற்கருணை நன்மை வாங்கி உட்கார்ந்த பிறகு வாசித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு கொடுத்தார். ஆனால் அதுவரை, தவக்காலம் முடியும்வரை, வாத்தியச் சத்தம் எங்கேயும் கேட்கக் கூடாது. கோயிலில் மட்டுமல்ல, பங்கிலுள்ள யார் வீட்டிலும் கூடாது.

"சத்தம்தானுங்களே சாமி கூடாது?" என்று கேட்டார் பெரியப்பா. "வாசிக்கலாம்ல?"

சாமியார் சிறிது யோசித்தார். அதற்குத் தடை எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

அப்படித் தொடங்கியதுதான் அந்த ஒத்திகை. சந்தைப்பேட்டைப் பக்கம், கோயில் பாட்டுக்கு வயலின் வாசிக்கும் டெய்லர் மாமாவின் கடை. சாயங்காலம் தையல் மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளைப் போடுவார்கள். பெரியப்பாவுக்குக் காப்பி கொண்டுபோகிற சாக்கில் நான் தினமும் போய்விடுவேன். வயலின்காரர்கள் வாத்தியத்தைத் தோளில் வைத்து இடது கை விரலால் கம்பிகளை அழுத்துவார்கள். வலது கையில் வில் இருக்காது. வில்லெல்லாம் பெட்டிக்குள். சாவு வீட்டு பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவர் ஊதுகிற பாகத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறும் குழலில் விரல்களை ஓட்டுவார். நம் பாட்டு டீச்சர் ஹார்மோனியத்தில் துருத்தியைத் தொடாமல் கட்டைகளை மட்டும் அழுத்துவார். ஞாபகம் இருக்கிறதா, நம்மைக் கிள்ளுவாரே, அதே டீச்சர்தான். அங்கே பெரியப்பா முன்னால் பரம சாதுவாக உட்கார்ந்திருப்பார்.

பெரியப்பா குச்சியைத் தூக்குவார். ஒரு சத்தமும் இருக்காது. கட்டைகள் லேசாகத் தடதடக்கும், அவ்வளவுதான். ஆனால் எல்லார் முகத்திலும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று குச்சியால் தாங்கியைத் தட்டி நிறுத்துவார். "டெய்லரே, அந்த எடத்துல மூணாவது வெரலு. நீங்க ரெண்டாவத வச்சீங்க." டெய்லர் மாமா நாக்கைக் கடித்துக்கொள்வார். பக்கத்துக் கடை பாய் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க மாஸ்டர், வால்யூம ரொம்பக் கொறச்சு வச்சிட்டீங்களே" என்றார். தெருவே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்துவிட்டு மறுபடி குச்சியைத் தூக்கினார்.

ஒவ்வொருவரும் பாட்டுக்குள் நுழைய வேண்டிய இடத்தில் அவர் இடது கையை அவர்கள் பக்கம் நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி மெல்ல உயர்த்துவார். 'இப்போது வா' என்று அர்த்தம். டெய்லர் மாமாவுக்கு அடுத்து ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அது அப்பாவின் நாற்காலி. அந்த இடம் வரும்போதெல்லாம் காலி நாற்காலியைப் பார்த்தும் கையை உயர்த்துவார். உயர்த்திவிட்டு, அங்கே ஒருவர் உட்கார்ந்து வாசித்து முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கையை அசைப்பார். மற்றவர்கள் சங்கடத்தோடு தரையைப் பார்ப்பார்கள்.

எதிர்ச்சாரியில் அப்பா சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலைச் சாக்கடைக் கட்டையில் ஊன்றிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் விட்டு வருகிற வழி அதுவல்ல. அந்த நாற்காலியின் முறை முடிந்ததும் மிதித்துக்கொண்டு போய்விடுவார். வீட்டில் நான் அதைச் சொன்னபோது அம்மா, "பங்கு கேக்க ஒங்க பெரியப்பா டெய்லரச் சாட்சிக்குப் புடிக்கிறாங்களான்னு ஒங்கப்பா வேவு பாக்குறாங்க, நல்லதுதான்" என்றாள். பெரியப்பா கொடுத்த இரண்டாம் வயலின் தாளை அப்பா நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சட்டை மாற்றும்போது தாளும் சட்டை மாறிக்கொண்டே இருந்தது.

குருத்தோலை ஞாயிறு வந்தது. கோயில் சொரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். பெரிய வியாழனோடு மணியும் நின்றது. அதற்குப் பதிலாக மரச்சட்டத்தைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு தெருவில் போனார்கள். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஊற்றிய உப்புக் கஞ்சியின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அப்பா அதுவரை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கிணற்றடியில் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் துவைகல்லில் என் கான்வாஸ் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். என்னை அவர்கள் ஓர் ஆளாகவே எண்ணவில்லை.

"மெட்ராஸ்ல என் முன்னாடி ஒரு ரூம் நெறய வயலின் உக்காந்திருக்குடா. கைய அசைச்சா அத்தனையும் ஒண்ணா வருது. ஆனா நான் மூச்சு விடுற எடத்துல கூடச் சேந்து மூச்சு விட அங்க ஒருத்தன் இல்ல. அதுக்காகத்தான் வந்தேன். ஒரு தடவ வாடா."

அப்பா வாளியைக் கீழே வைத்தார்.

"கை மறந்துபோச்சுண்ணே."

"மறக்காது."

"எனக்குத் தெரியாதா? பேனா புடிச்சுப் புடிச்சுக் கட்ட மாதிரி ஆயிடுச்சு. ஊரு முன்னாடி உக்காந்து கீச்சுக்கீச்சுன்னு இழுத்து, நீங்க எழுதுனதையும் கெடுத்து..."

"கெட்டாக் கெட்டுட்டுப் போவட்டும்."

"வேணாம்ண்ணே. அது கெடக் கூடாது."

பெரியப்பா சுவரிலிருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். பிறகு, "நாற்காலி கெடக்கும். வந்தா வா" என்று எழுந்து போனார். அப்பா தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கண் சிவக்கும் வரைக்கும் ஊற்றிக்கொண்டார்.

பாஸ்கா காலை. அந்தக் காலத்தில் நம் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் தரையில். அம்மா மடியில் தம்பி இருந்ததால் நான் அப்பாவோடு ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். சூசையப்பர் பீடத்தின் முன் வாத்தியக்காரர்கள். டெய்லர் மாமாவுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி. அதன்மேல் பெரியப்பாவின் சொந்த வயலின், வில்லோடு. நன்மை கொடுத்து முடிந்தது. கோயில் நிறைய ஜனம் இருமி முடித்து அடங்கியது. அப்பா எழுந்து போவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. பெரியப்பா குச்சியைத் தூக்கினார்.

அத்தனை நாள் கண்ணால் பார்த்த பாட்டை அன்றுதான் காதால் கேட்டேன். வாசித்தவர்களும் அன்றுதான் கேட்டார்கள். முதல் இழுப்பிலேயே டெய்லர் மாமாவின் கண் கலங்கிவிட்டது. வயலின் எதையோ கேட்பது போல ஏறிப் போய், கேட்டுவிட்டு நின்றது. பதில் வர வேண்டிய இடம். ஹார்மோனியம் மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா அந்த நாற்காலியைப் பார்க்கவில்லை. உடம்பை முழுக்கத் திருப்பி, ஆண்கள் பக்கம் பார்த்து, இடது கையை நீட்டி, உள்ளங்கையை மெல்ல உயர்த்தினார்.

பீடத்துப் பக்கமிருந்து ஒருவர் கையை உயர்த்தினால் நம் கோயிலில் என்ன அர்த்தம்? முதலில் உபதேசியார் எழுந்தார். உபதேசியார் எழுந்தால் ஊர் எழுந்தாக வேண்டும், வழிபாட்டில் எப்போது எழுவது, எப்போது முட்டி போடுவது என்று அவரைப் பார்த்துத்தானே நாமெல்லாம் பழகினோம். ஆண்கள் பக்கம் முழுக்க எழுந்தது. பெண்கள் பக்கம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தது. சாமியார் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு அவரும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

உட்கார்ந்திருந்தவர் அப்பா ஒருவர்தான், அவரோடு நான். சுற்றிலும் வேட்டிக் கால்கள். எழ முயன்ற என் கையை அப்பா பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் அவர் விரல்கள் ஓடத் தொடங்கின. என் முழங்கைக்குக் கீழே ஒவ்வொன்றாக அழுந்தின, வழுக்கி இறங்கின, மறுபடி ஏறின. ஒரு விரல் ஓரிடத்தில் நின்று நடுங்கியது. கண்ணை மூடியிருந்தார். மூக்கு வழியாக மூச்சை இழுத்து, பாட்டு நிற்கிற இடத்தில் விட்டார். டெய்லர் மாமாவின் வயலின் மறுபடி கேட்டது, விரல்கள் மறுபடி பதில் சொல்லின. பின்னாலிருந்த ஒருவர் குனிந்து, "சார், எந்திரிங்க, எல்லாரும் நிக்கிறாங்க" என்றார். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. கால்களின் இடுக்கில் பெரியப்பாவின் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் தன் தீர்ப்பைக் கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டது. அண்ணன் மேலுள்ள பொறாமையில் மரியாதைக்கு எழுந்துகூட நிற்காத தம்பி. அம்மா அப்படியே நம்பினாள். பங்கு கேட்க வந்தவர் என்று பெரியப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். "கோயிலே எந்திரிச்சுச்சு. சாமியாரே எந்திரிச்சாங்க. ஒங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று வாசலிலேயே பல்லைக் கடித்தாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. அண்ணன் எழுதியதைக் கெடுத்தவன் என்று பேர் வாங்குவதைவிடப் பொறாமைக்காரன் என்று பேர் வாங்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. இந்த வயதில்தான் எனக்கு இது விளங்குகிறது, விளங்கியதும் அவர்மேல் இருந்த பிரியம் தாங்க முடியாமல் போகிறது.

அப்போது பெரியப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். பாராட்டுகிறவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு நேராக அப்பாவின் முன்னால் வந்து நின்றார். சண்டை வரும் என்று பக்கத்திலிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"வேகம் எப்படிடா இருந்துச்சு?"

அப்பா செருப்பைத் தேடுவது போலக் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "மொத தடவ சரியா இருந்துச்சுண்ணே. ரெண்டாவது தடவ ஓடிட்டீங்க. தொரத்திப் புடிக்க வேண்டியதாப் போச்சு."

"பாத்தியாடி," என்று அம்மா என் காதில் கிசுகிசுத்தாள். "நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வருதா பாரு."

பெரியப்பா அப்பாவின் தோளில் கையை வைத்தார்.

"என் தப்புதான்டா," என்றார். "நீ வந்து சேந்துக்கிட்டதப் பாத்ததும் அவசரப்பட்டுட்டேன்."